பழைய சிஸ்டத்தில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மாட்டலாமா?

வள்ளியூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவரிடம் இருப்பது கோர் 2 டியோ பிராசசர், ஜி31 மதர்போர்டு, விண்டோஸ் 7, உள்ளே ஒரு 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கல்யாண வீடு, சடங்கு வீடு, காதுகுத்து, கொடை என்று எடுத்த படங்கள் சேர்ந்து சேர்ந்து சி, டி இரண்டு டிரைவும் சிவப்புக் கோடு காட்டுகின்றன. கடையில் கேட்டால், "இந்த போர்டுல பெரிய டிஸ்க் ஏறாது, புது சிஸ்டம் போட்டுருங்க" என்கிறார்களாம். இரண்டாவதாக ஒரு டிஸ்க் மாட்ட முடியுமா, எத்தனை டிபி வரை எடுக்கும், ஆள் கூப்பிடாமல் தானே மாட்டலாமா என்று கேட்கிறார்.

அண்ணாச்சி, தாராளமாக மாட்டலாம். நீங்களே மாட்டலாம். கேமராவைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையே கிடையாது. ஜி31 போர்டுகளில் பொதுவாக ஐசிஎச்7 என்ற சிப் இருக்கும். அது நான்கு சாட்டா இணைப்பைத் தாங்கும். டிஸ்க்கைப் போர்டோடு சேர்க்கும் வயர் முறைக்குத்தான் சாட்டா என்று பெயர். ஒன்றில் இப்போதைய டிஸ்க், இன்னொன்றில் டிவிடி டிரைவ் போனாலும் இரண்டு காலியாக இருக்க வேண்டும். பக்கப் பலகையைக் கழற்றி, போர்டின் கீழ் ஓரத்தில் விரல் நக அளவில் எல் வடிவப் பள்ளத்தோடு வரிசையாக இருக்கும் சாக்கெட்டுகளை எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இன்று கடையில் கிடைக்கும் டிஸ்க்கில் 6 ஜிகாபிட் என்று போட்டிருக்கும், உங்கள் போர்டு 3 ஜிகாபிட். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். புது டிஸ்க் பழைய வேகத்துக்கு இறங்கி வந்து பேசும். 3 ஜிகாபிட் என்றாலே நொடிக்குச் சுமார் 300 எம்பி. உங்களுக்கு வேண்டிய 2 டிபி அளவிலான சுழலும் டிஸ்க் நொடிக்கு 200 எம்பியை ஒட்டித்தான் ஓடும். ஆகவே இழப்பு ஏதும் இல்லை.

நான் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் வேறு. பழைய சிஸ்டத்தில் மாட்டிய புது டிஸ்க் சில மாதத்தில் மக்கர் செய்கிறது என்றால், நான் பார்த்தவரை டிஸ்க்கைவிட அதைச் சுற்றியுள்ளவைதான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை: எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை), வயர், எர்த், புழுதி, சூடு. மாட்டுவது கால் மணி நேர வேலை. இவற்றைப் பார்ப்பதற்கு ஒரு மத்தியானத்தை ஒதுக்குங்கள். உள்ளே போகப்போவது ஊராருடைய கல்யாணப் படம்.

முதலில் அளவைப் பேசிவிடுவோம். "பெரிய டிஸ்க் ஏறாது" என்று கடையில் சொன்னதற்குப் பின்னால் ஒரு பாதி உண்மை இருக்கிறது. டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று குறித்து வைக்கும் பழைய முறைக்கு எம்பிஆர் என்று பெயர். அது 512 பைட் கொண்ட துண்டுகளை 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. அந்தக் கணக்கில் விண்டோஸ் காட்டும் 2048 ஜிபியோடு எண்ணிக்கை தீர்ந்துவிடும். 3 டிபி டிஸ்க்கை எம்பிஆர் முறையில் போட்டால் மிச்சமுள்ள 746 ஜிபி கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. ஜிபிடி என்ற புது முறையில் இந்த வரம்பு இல்லை. ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸைத் துவக்க வேண்டும் என்றால் யூஇஎஃப்ஐ (சிஸ்டத்தை எழுப்பும் புது வகை மென்பொருள்) உள்ள போர்டு தேவை, உங்களுடையதில் அது கிடையாது. ஆனால் நீங்கள் விண்டோஸைத் துவக்கப்போவது பழைய டிஸ்க்கிலிருந்துதானே. படங்களை மட்டும் வைக்கும் இரண்டாவது டிஸ்க்கை விண்டோஸ் 7 ஜிபிடி முறையில் நன்றாகவே படிக்கும், எழுதும். எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது ஆகாது, 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி தெரியாது.

ஆக 4 டிபியும் போடலாம். ஆனாலும் நான் சொல்வது 2 டிபிதான். 2 டிபி டிஸ்க்கில் எம்பிஆர், ஜிபிடி எதைப் போட்டாலும் ஓடும், பயாஸ் (போர்டிலேயே இருந்து சிஸ்டத்தை எழுப்பும் பழைய மென்பொருள்) குழம்பாது, பழைய இன்டெல் டிரைவர் ஏதாவது உள்ளே இருந்தாலும் அளவைத் தப்பாகக் காட்டாது. நாளைக்கு இந்த சிஸ்டம் நின்றுபோனால் வேறு எந்தப் பழைய சிஸ்டத்தில் மாட்டியும் படங்களை எடுத்துவிடலாம். ஒரு 4 டிபி வாங்கும் காசை இரண்டு 2 டிபியாகப் பிரித்துச் செலவழியுங்கள். ஒன்று உள்ளே, இன்னொன்று வெளியே. ஏன் என்று கீழே சொல்கிறேன். மாட்டிய பிறகு 2 டிபி டிஸ்க் 1863 ஜிபி என்று காட்டினால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. உங்கள் 500 ஜிபியும் 465 என்றுதானே காட்டுகிறது, அதே கணக்கு.

வாங்கும்போது பெட்டி உடையாமல் இருக்கிறதா, வாரண்டி யார் தருகிறார்கள் என்று பாருங்கள். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், ஏற்கெனவே ஓடி ஓய்ந்த டிஸ்க்கைத் துடைத்து விற்கிறார்களோ என்று யோசிக்க வேண்டும். மாட்டிய அன்றே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற வரியைப் பாருங்கள். புது டிஸ்க் என்றால் அது பூஜ்ஜியமாகவோ அதை ஒட்டியோ இருக்கும். ஆயிரக்கணக்கில் காட்டினால் அப்படியே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். சிசிடிவிக்கு என்று தனியாக வரும் டிஸ்க்கும் கம்ப்யூட்டரில் ஓடத்தான் செய்யும். ஆனால் அது நிற்காமல் வீடியோ பதிவதற்காகப் பழக்கப்பட்டது. உங்கள் வேலைக்குச் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கே சரி. அந்த வகை 2 டிபி டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் என்ற முறையில், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏற்றி எழுதுபவை உண்டு. ஒரே மூச்சில் நூறு ஜிபி காப்பி போட்டால் நடுவில் வேகம் குறையும். படத்தைப் போட்டு வைத்து எடுப்பதற்கு அது குறையே இல்லை, பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

இனி எஸ்எம்பிஎஸ். இதில்தான் நான் உங்களை நிறுத்தி நிதானமாகப் பார்க்கச் சொல்லுவேன்.

ஒரு 3.5 அங்குல டிஸ்க் சும்மா சுழலும்போது ஆறேழு வாட்ஸ்தான் எடுக்கும். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் வயரில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு டிஸ்க் என்றால் சிஸ்டம் போட்ட மாத்திரத்தில் இரண்டும் சேர்ந்து இழுக்கும். கோர் 2 டியோவில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் மொத்தத் தேவை நூற்றுச் சொச்சம் வாட்ஸுக்குள் அடங்கிவிடும், ஆகவே 450 வாட்ஸ் என்று லேபிள் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் கணக்குப்படி போதும். சிக்கல் வயதில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் சூட்டில் மெல்ல மெல்லக் காய்ந்துபோகும். கத்திரி வெயிலில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடுகிறது. தகரக் கூரையோ தாழ்ந்த தளமோ உள்ள ஸ்டுடியோவில், மேசைக்கு அடியில் பூட்டிய அறைக்குள் நிற்கும் பெட்டிக்குள் இன்னும் அதிகம். பல வருஷம் அந்தச் சூட்டில் நின்ற எஸ்எம்பிஎஸ், லேபிளில் போட்டிருப்பதைத் தரும் என்று நம்ப முடியாது.

பார்ப்பது எளிது. தெரிந்த யாரிடமாவது மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) கேட்டு வாங்குங்கள். சிஸ்டம் ஓடும்போது, சும்மா தொங்கும் நான்கு பின் மோலெக்ஸ் பவர் கனெக்டரில் டிசி 20 வோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். கறுப்பு வயருக்கும் மஞ்சள் வயருக்கும் நடுவே 12 வோல்ட், கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே 5 வோல்ட் வர வேண்டும். ஐந்து சதவீதம் ஏற இறங்க இருக்கலாம். அதாவது 11.4 முதல் 12.6 வரை, 4.75 முதல் 5.25 வரை. ஃபோட்டோஷாப்பில் ஒரு பெரிய ஆல்பம் பக்கத்தைத் திறந்துவிட்டு, பழைய டிஸ்க் உறுமும்போது இன்னொரு முறை பாருங்கள். 12 வோல்ட் 11.4க்குக் கீழே இறங்கினால் டிஸ்க் வாங்குவதற்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். அதைப் பிரித்துச் சரி செய்ய மட்டும் முயல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

புது டிஸ்க்குக்குத் தட்டையான 15 பின் சாட்டா பவர் வேண்டும். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இரண்டாவது இல்லை என்றால் மோலெக்ஸிலிருந்து சாட்டாவாக மாற்றும் கன்வெர்ட்டர் வயர் சில்லறை விலைக்குக் கிடைக்கும். அதை வாங்கும்போது தலையைப் பாருங்கள். வயர்களோடு சேர்த்து பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த தலை வேண்டாம். உள்ளே வயர்கள் ஒன்றையொன்று நெருங்கி, சூட்டில் ஷார்ட் ஆகிக் கருகிய சம்பவங்கள் உண்டு. ஒவ்வொரு வயரும் தனித்தனியாகக் குத்தி இறங்கியிருக்கும் தலை, மூடி கழன்று வரும் வகை, அதை வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு டீ வடைக் காசுதான்.

சிபியு பெட்டியைத் தொடும்போது சுருக்கென்று கையில் அடிக்கிறதா? நம் ஊரில் ரொம்பப் பேர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது எர்த் சரியில்லை என்பதற்கு அடையாளம். மூன்றாவது பின் வெறுமனே இருக்கும், அல்லது எர்த் குழி காய்ந்து போயிருக்கும். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்து மண் மழை இல்லாத மாதங்களில் எப்படி இறுகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், கோடையில் எர்த் குழியில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கும் இதுதான் முதல் காவல். இடி இடிக்கும்போது பிளக்கையே உருவிவிடுவது அதைவிட மேல்.

ஆனி, ஆடிக் காற்றில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்குமே, அதுதான் டிஸ்க்குக்கு ஆகவே ஆகாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அப்போது எழுதும் ஃபைல் மட்டுமல்ல, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே கெடலாம். 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்து, அதன் பேட்டரி ஐந்து நிமிஷமாவது தாங்கினால் போதும். பேட்டரி செத்த யுபிஎஸ் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டிஸ்க் வந்துவிட்டது, எஸ்எம்பிஎஸ்ஸும் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

சிஸ்டத்தை முறையாக ஷட்டவுன் செய்து, பிளக்கை உருவி, பவர் பட்டனை ஒரு ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கப் போடுங்கள். இரண்டு பக்கப் பலகையையும் கழற்ற வேண்டும். இடது பக்கம் மட்டும் கழற்றினால் டிஸ்க்கின் மறுபக்க ஸ்க்ரூவைப் போட முடியாது, அப்படியே ஒரு பக்கத்தில் மட்டும் முடுக்கிவிட்டு விட்டுவிடுகிறார்கள். அது அதிர்ந்துகொண்டே இருக்கும். எதையும் தொடுமுன் செல்போனில் உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வயர் எங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

உள்ளே செம்மண் புழுதி படை படையாக இருக்கும். உங்கள் ஊர்க் காற்றுக்கு அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். ஈரத்துணி கூடாது. ஸ்டாட்டிக் மின்சாரத்துக்கு, பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு டிஸ்க்கைக் கையில் எடுங்கள், ஓரத்தைப் பிடியுங்கள், அடியில் உள்ள பச்சைப் பலகையில் விரல் படாமல் இருக்கட்டும்.

டிஸ்க் கூண்டில் பழைய டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல் மாட்டாதீர்கள். ஒரு அடுக்கு இடைவெளி விடுங்கள். இரண்டும் உரசிக்கொண்டு இருந்தால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு ஏறும். லேபிள் மேலே, பலகை கீழே, கனெக்டர் போர்டைப் பார்த்து. ஒரு பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூ. 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தடித்த மரை உள்ள குட்டை ஸ்க்ரூ. டிவிடி டிரைவுக்குப் போடும் நுண்மரை ஸ்க்ரூ வேறு. அதை இதில் போட்டால் இறங்குவதுபோல் இறங்கி மரையைத் தின்றுவிடும். நீள ஸ்க்ரூவும் வேண்டாம். எல்லாவற்றையும் பாதி முடுக்கிவிட்டுப் பிறகு பைய இறுக்குங்கள்.

சாட்டா டேட்டா கேபிள் ஒன்று புதிதாகவே வாங்குங்கள், கிளிப் வைத்தது. பழைய வயரில் கிளிப் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய டிஸ்க்கின் கேபிள் போர்டில் எந்த சாக்கெட்டில் இருக்கிறதோ அதிலேயே இருக்கட்டும், புதியதை அடுத்த காலி சாக்கெட்டில் குத்துங்கள். எல் வடிவம் பார்த்து நேராகக் குத்த வேண்டும், பக்கவாட்டில் நெம்பினால் டிஸ்க்கின் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்துவிடும். ஒடிந்தால் டிஸ்க்கே வீண்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் இன்னும் பழைய, பென்டியம் 4 காலத்து 845 போர்டு வைத்திருப்பவர்கள் இருக்கலாம். சில அச்சகங்களிலும் டைப்பிங் சென்டர்களிலும் ஒரு பழைய பிரிண்டருக்காகவே அவை இன்னும் ஓடுகின்றன. அதில் அகலமான ஐடிஇ பட்டை வயர் இருக்கும். ஒரு வயரில் இரண்டு டிஸ்க் மாட்டலாம், ஆனால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ் என்று டிஸ்க்கின் பின்புறம் உள்ள குட்டி ஜம்பரை மாற்றி வைக்க வேண்டும். எந்த இடம் எதற்கு என்று டிஸ்க்கின் மேல் லேபிளிலேயே படம் இருக்கும். இரண்டும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம். 80 கம்பி உள்ள வயரில் நீல முனை போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. ஐடிஇ டிஸ்க் புதிதாகக் கிடைப்பது அரிது, கிடைப்பது ஓடித் தேய்ந்ததாக இருக்கும். அதற்குப் பதில் பிசிஐ சாக்கெட்டில் குத்தும் சாட்டா கார்டு ஒன்று போட்டுப் புது டிஸ்க்கை மாட்டுவது நல்லது. 865 போர்டு என்றால் பெரும்பாலும் இரண்டு சாட்டா போர்டிலேயே இருக்கும்.

மாட்டி முடித்ததும் பலகையை மூடாமலே ஒரு முறை ஓடவிடுங்கள். டிஸ்க் மேல் லேசாக விரல் வைத்தால் சுழலும் அதிர்வு தெரியும். டிக், டிக் என்று ஒரே சீராகத் திரும்பத் திரும்பச் சத்தம் வந்தால் உடனே நிறுத்தி வேறு பவர் கனெக்டரில் மாற்றிப் பாருங்கள். அப்போதும் வந்தால் டிஸ்க் பழுது, வாரண்டியில் மாற்ற வேண்டியதுதான்.

டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போனால் இரண்டு டிஸ்க்கின் பெயரும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பதற வேண்டாம். ஐசிஎச்7 வகைப் போர்டுகளில் சாட்டா அமைப்பு கம்பைண்டு அல்லது கம்பேட்டிபிள் என்று இருந்தால் சில சாக்கெட்டுகள் மறைந்துவிடும். என்ஹான்ஸ்டு அல்லது நேட்டிவ் என்று மாற்றினால் வந்துவிடும். சில போர்டுகளில் காலி சாக்கெட்டே டிசேபிள் செய்யப்பட்டிருக்கும். புதிய போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பயாஸின் சாட்டா அமைப்பில் ஐடிஇ என்று இருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் வேகம் வரும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி மாற்றிவிடாதீர்கள். அதற்கான டிரைவரை முன்கூட்டியே தயார் செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். மாற்றிவிட்டீர்கள் என்றால் பழையபடி திருப்பினால் சரியாகும்.

புது டிஸ்க் மாட்டிய பிறகு, ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை என்று கறுப்புத் திரையில் எழுத்து வந்தால், பயாஸ் காலி டிஸ்க்கில் விண்டோஸைத் தேடுகிறது என்று அர்த்தம். ஹார்ட் டிஸ்க் பூட் வரிசையில் பழைய டிஸ்க்கை முதலாவதாகக் கொண்டுவந்து சேமியுங்கள். மறுநாள் மறுபடியும் அதே எழுத்து வந்து, கடிகாரமும் பழைய தேதியைக் காட்டினால், போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும்.

விண்டோஸில் கம்ப்யூட்டர் ஐகான் மேல் வலது க்ளிக், மேனேஜ், அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட். புது டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யச் சொல்லி ஒரு பெட்டி தானே வரும். 2 டிபிக்கு எம்பிஆர் போதும், அதற்கு மேல் என்றால் ஜிபிடி. படங்கள் உள்ள வேறொரு பழைய டிஸ்க்கை மாட்டும்போதும் இதே பெட்டி வந்தால் கேன்சல் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். அங்கே ஓகே தட்டுவது, உள்ளே இருப்பதன் முகவரியை அழிப்பதற்குச் சமம். புது டிஸ்க்குக்குத் திரும்புவோம். இனிஷியலைஸ் ஆனதும், அதில் கறுப்புக் கோடு போட்டிருக்கும் காலி இடத்தில் வலது க்ளிக், நியூ சிம்பிள் வால்யூம். என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். டிரைவ் எழுத்தாகத் தானே வரும் அடுத்த எழுத்தை அப்படியே ஏற்காமல், எம் என்றோ எஸ் என்றோ தூரத்தில் உள்ள எழுத்தைக் கொடுங்கள். பென் டிரைவும் மெமரி கார்டும் வந்து போகும் ஸ்டுடியோவில் எழுத்து மாறிக்கொண்டே இருந்தால் ஆல்பம் மென்பொருள் பழைய படங்களைக் காணவில்லை என்று சொல்லும்.

குயிக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்துவிட்டு ஒரே ஒரு முறை முழு ஃபார்மட் ஓட்டுங்கள் என்பது என் யோசனை. விண்டோஸ் 7 முழு ஃபார்மட்டில் டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் பார்க்கும். 2 டிபிக்கு நாலைந்து மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். டிஸ்க்கில் பிறவிக் கோளாறு இருந்தால் படம் ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். லினக்ஸ் மின்ட், உபுண்டு வைத்திருப்பவர்கள் டிஸ்க்ஸ் என்ற செயலியில் இதையே செய்யலாம். சிஸ்டம் எழும்போதே டிஸ்க் தானாக மவுண்ட் ஆகும்படி (திறந்துகொள்ளும்படி) வைத்தால், அதன் மவுண்ட் ஆப்ஷனில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றிய அன்று சிஸ்டம் முழுதாக எழும்பாமல் நிற்கும்.

இப்போது படங்களை மாற்றுவது. கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். காப்பி மட்டும். முடிந்ததும் இரண்டு ஃபோல்டரிலும் வலது க்ளிக் செய்து ப்ராப்பர்டீஸ் பார்த்து, ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். நடுவில் நடுவில் சில படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் ஸ்க்ராட்ச் டிஸ்க்கை (வேலை நடக்கும்போது அது தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் இடம்) புது டிரைவுக்கு மாற்றுங்கள். சி டிரைவில் இடம் நெருங்கி ஆல்பம் வேலை திணறுவது அதிலேயே பாதி குறையும்.

பழைய டிஸ்க்கிலிருந்து அழிப்பதற்கு முன்தான் அந்த இரண்டாவது 2 டிபி வர வேண்டும். இரண்டாவது டிஸ்க் மாட்டிவிட்டோம், இனிப் படங்கள் பத்திரம் என்று நினைப்பது சரியல்ல. புது டிஸ்க்குக்கு மாற்றி, பழையதில் அழித்துவிட்டால் மறுபடியும் ஒரே பிரதிதான். இரண்டிலும் வைத்திருந்தாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள், ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கின்றன. எஸ்எம்பிஎஸ் எகிறினால் இரண்டும் சேர்ந்து போகலாம். 2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்க மாட்டீர்கள். தாமிரபரணி கரை தாண்டித் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளேயே வந்தது. தரையில் வைத்த சிபியு பெட்டி தண்ணீருக்குள் நின்றால் உள்ளே இரண்டு டிஸ்க் என்றாலும் நான்கு டிஸ்க் என்றாலும் கணக்கு ஒன்றுதான். ஒருவேளை டிஸ்க் நனைந்தால் வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. சாதாரண டிஸ்க்கில் காற்றுப் போக ஒரு ஊசித் துளை இருக்கும், அதன் வழியாகச் சேறு உள்ளே போயிருந்தால் ஒரு சுற்றிலேயே தகடு கீறிவிடும். கரண்ட் கொடுக்காமல் அப்படியே டேட்டா ரெகவரி ஆட்களிடம் கொண்டுபோவதுதான் வழி.

ஆகவே வெளியே வைக்கும் டிஸ்க் யுஎஸ்பியில் இருக்கட்டும், மாதம் ஒரு முறை காப்பி எடுத்ததும் கழற்றி வீட்டில் வையுங்கள், ஸ்டுடியோவில் வேண்டாம். உங்கள் போர்டில் இருப்பது யுஎஸ்பி 2.0. நொடிக்கு 30 எம்பி சொச்சம்தான் ஓடும். 500 ஜிபி முதல் முறை ஏற நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அடுத்த மாதங்களில் புதுப் படங்கள் மட்டும்தானே. கல்யாண சீசன் உச்சத்தில் இருக்கும் தை, வைகாசி, ஆவணி மாதங்களில் வாரம் ஒரு முறை எடுங்கள். மெமரி கார்டை, உள்ளே உள்ள டிஸ்க், வெளியே உள்ள டிஸ்க் இரண்டிலும் படம் ஏறிய பிறகே அழியுங்கள்.

மாட்டி ஒரு வாரம் கழித்துக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை மறுபடி திறந்து நான்கு விஷயம் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட துண்டுகள்), கரண்ட் பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் துண்டுகள்) இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். புது டிஸ்க்கில் ஒன்று வந்தாலும் வாரண்டி இருக்கும்போதே மாற்றுங்கள். பழைய டிஸ்க்கில் அந்த எண் மாதாமாதம் ஏறினால் அது விடைபெறக் கிளம்புகிறது என்று பொருள், விண்டோஸை வேறு டிஸ்க்குக்கு மாற்ற நேரம் வந்துவிட்டது. அப்படி மாற்றும்போது ஒரு சிறிய எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத, சிப்பில் எழுதும் டிஸ்க்) போடுங்கள், உங்கள் போர்டின் 3 ஜிகாபிட் வேகத்திலேயே சிஸ்டம் எழும்பும் வேகம் கண்ணுக்குத் தெரிய மாறும். யுடிஎம்ஏ சிஆர்சி எரர் என்ற எண் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், சாட்டா வயரை மாற்றுங்கள். நான்காவது சூடு. 45 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. மத்தியான நேரத்தில் 50 தாண்டினால் பெட்டியின் முன்பக்கத்தில் 12 வோல்ட் ஃபேன் ஒன்று, காற்றை உள்ளே இழுக்கும்படி வைத்து டிஸ்க் கூண்டுக்கு நேரே மாட்டுங்கள். பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது தூக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளையும், போர்டின் சாட்டா சாக்கெட் பகுதியையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள் அண்ணாச்சி. 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதையே வைத்து ஓட்டலாமா, மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன். அதற்குப் பிறகு டிஸ்க் வாங்கினால் போதும்.